பிழை வரம்பை எப்படிக் கூட்டுவது?

அமெரிக்க சென்சஸ் பீரோ நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு ± எண் இருக்கும். அதுதான் பிழை வரம்பு. நகரத் திட்டப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அந்த எண்ணோடுதான் தினமும் மல்லுக்கட்டு. "இந்த மூணு டிராக்டிலும் சேர்த்து 65 வயசு தாண்டினவங்க எத்தனை பேர்? முதியோருக்கு வேன் விடணும்" என்று கேட்பார்கள். டிராக்ட் என்பது கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி. மூன்றையும் சேர்த்துப் பீரோ எண் தருவதில்லை. நாம்தான் கூட்ட வேண்டும்.

மதிப்பீடுகளை அப்படியே கூட்டலாம். பிழை வரம்புகளை மட்டும் ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 400±120, 350±100, 250±90. மொத்தம் 1,000, வரம்பு 310 அல்ல, 180. மூன்று இடத்திலும் பிழை ஒரே பக்கம் முழுதாகச் சாய்வது அபூர்வம்.

இது சுலபம். எத்தனை துண்டுகளைக் கூட்டுகிறோம் என்பதில்தான் வம்பு. பி01001 அட்டவணையில் 65க்கு மேல் ஆண்களுக்கு ஆறு வரி, பெண்களுக்கு ஆறு வரி. மூன்று டிராக்டுக்கு 36 துண்டு! துண்டுகளுக்குள் தொடர்பே இல்லை என்று இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. ஒரே டிராக்டின் வயதுப் பிரிவுகள் அப்படி இருப்பதில்லை. துண்டு பெருகப் பெருக விடையும் நம்பகம் இழக்கும். எஸ்0101 அட்டவணையிலோ 65க்கு மேற்பட்டோர் ஒரே வரியில், வரம்போடு தயாராக இருக்கிறார்கள். கூட்டுவதற்கு முன் இப்படி ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

வேறு வழியில்லாமல் துண்டுகளைக் கூட்டினால், மதிப்பீடு பூஜ்யமாக உள்ள வரிகளில் மிகப் பெரிய வரம்பை ஒரே ஒருமுறை சேர்த்தால் போதும். ஏபிஐ வழியாகத் தரவு எடுப்பவர்கள் -555555555 என்ற எண்ணைக் கவனியுங்கள். அது வரம்பு அல்ல, குறியீடு. பூஜ்யமாகக் கொள்ள வேண்டும். எக்ஸெல்லுக்கு அது தெரியுமா? வர்க்கப்படுத்திவிடும். வரம்பு 55 கோடியைத் தாண்டி நிற்கும். 2020 சென்சஸில் அமெரிக்காவின் மக்கள்தொகையே 33 கோடிச் சொச்சம்தான்.

சதவீதத்துக்கு வேறு சூத்திரம். அதில் வர்க்கமூலத்துக்குள் ஒரு கழித்தல் வரும். உள்ளே எதிர்ம எண் வந்தால் கழித்தலைக் கூட்டலாக்கிக்கொள்ளுங்கள், பீரோவே சொல்லும் வழிதான்.

இந்த ± எல்லாம் 90 சதவீத நம்பிக்கை அளவில் தரப்படுபவை. 95 சதவீதக் கணக்கில் வந்த வேறொரு ஆய்வோடு ஒப்பிடுவதானால், 1.645ஆல் வகுத்து 1.96ஆல் பெருக்கிவிட்டு உட்காருங்கள். மேலே சொன்ன 180, அப்போது 215 ஆகிவிடும்.