பழைய நாற்காலிக்கும் சுவருக்கும் புது நிறம்

பரணில் கிடக்கும் மர நாற்காலியையும் மங்கிப்போன சுவரையும் நாமே புதிதாக்கிவிடலாம்.

● மரச் சாமானைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது.

● 120 நம்பர் உப்புத்தாளால் பழைய பளபளப்பு போகும்வரை தேய்த்து, பிறகு 220 நம்பரால் மழமழப்பாக்குங்கள். மர இழை ஓடும் திசையிலேயே தேய்த்தால் கீறல் தெரியாது.

● பல பத்தாண்டுப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

● ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, ஒரு கோட் பிரைமர் அடியுங்கள். அதன் மேல் எனாமலைக் கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லிசாக இருமுறை பூசுவதே நல்லது. முதல் கோட் ஓர் இரவு காயட்டும்.

● சுவரில் உப்புப் பூத்திருந்தால் முதலில் நீர்க்கசிவைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பெயின்டும் பொரிந்து உதிரும்.

● சுவரைத் தடவினால் கையில் மாவு ஒட்டுகிறதா? சுரண்டிவிட்டு, பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன்.

● ஸ்டென்சில் பூ வரைய, பிரஷில் உள்ள பெயின்டைத் துணியில் ஒற்றியெடுத்து, நேராகக் குத்திக் குத்திப் பூசுங்கள். இழுத்துப் பூசினால் ஓரம் கசியும்.

● பார்டருக்கு ஒட்டிய காகித டேப்பை, பெயின்ட் முழுதாகக் காயும் முன்பே சாய்வாக உரித்தெடுங்கள்.

● எனாமல் பிரஷை டர்பன்டைனிலும், எமல்ஷன் பிரஷைத் தண்ணீரிலும் உடனே கழுவுங்கள்.

● ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடைமழை நாட்களில் இந்த வேலையே வேண்டாம்.