லேண்ட் ரோவரா, மிட்சுபிசி ஜீப்பா? மலைப் பாதைக்குப் பழைய வாகனம் வாங்குமுன்

வீடு கீழே, மரக்கறி நிலம் மேலே. மண்சரிவால் இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றின் நிலை இன்று இதுதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே உலுக்கியது. ஒவ்வொரு முறையும் ஆட்களைக் கீழே இறக்கினார்கள். போஞ்சியும் கோவாவும் கரட்டும் விளைந்த துண்டு நிலத்தை யாரும் கீழே இறக்க முடியாதே!

காலையில் மேலே ஏறி வேலை செய்து, மாலையில் மூட்டையோடு இறங்க வேண்டும். லொறி பாதி வழிவரைதான் வரும். மீதித் தூரத்திற்குச் சுமைகூலி கொடுத்து, பண்டாரவளைச் சந்தைக்கோ கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திற்கோ போய்ச் சேரும்போது கையில் நிற்பது சொற்பம். ஆகவே நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து நான்கு சில்லும் இழுக்கும் பழைய வாகனம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எமது பக்கத்தில் இவ்வாறு விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு: ஒன்று, முன் பின் சில்லுகளுக்கிடையே 109 அங்குலம் உள்ள நீள லேண்ட் ரோவர், மற்றது, டீசல் எஞ்சின் பூட்டிய மிட்சுபிசி ஜீப். இவற்றுள் எதை எடுப்பது என்பதே இப்பாடம்.

2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறிக் கிடக்கிறது. பிழையாக வாங்கினால் ஐந்து குடும்பத்தின் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும்.

ஒரே வம்சம்

இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு. 1947இல் இங்கிலாந்தின் ரோவர் கம்பனிப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் யுத்த காலத்து அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது தேய்ந்தால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். பின்னாளில் துரைமாரின் வண்டி என்று பெயரெடுத்தாலும் அது விவசாயிக்கென்று செய்யப்பட்ட வண்டி என்பதை மறக்க வேண்டாம். மிட்சுபிசியோ 1953இல் வில்லிஸ் ஜீப்பையே அனுமதி பெற்று ஜப்பானில் செய்யத் தொடங்கி, 1998வரை செய்தது.

இரண்டிலும் முன்னும் பின்னும் உருக்குப் பட்டை ஸ்பிரிங். சாதாரணமாகப் பின் சில்லுகள் மட்டும் இழுக்கும். வேண்டும்போது லீவரைப் போட்டால் முன் சில்லுகளும் இழுக்கும். காய்ந்த தார் றோட்டில் அவ்வாறு போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. சேற்றில் சில்லு சற்றுச் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் சறுக்க இடமில்லாமல் கியர்ப்பெட்டி முறுகி உடையும்.

லேண்ட் ரோவரின் குணம்

எமது மலைகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் 1958க்குப் பின் வந்த இரண்டாம் வரிசையும், 1971 முதல் 1985 வரை செய்யப்பட்ட மூன்றாம் வரிசையுமே. யுத்தத்திற்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடல் தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது துருப்பிடிக்காது. இதைக் கேட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். உடல் அலுமினியம், செசி உருக்கு. பெட்டி வடிவான அந்தச் செசி உள்ளே தண்ணீர் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். மேலே பளபளவென்று நிற்கும் வண்டியின் பின் குறுக்குச் சட்டத்தை உங்கள் சுண்டுவிரலால் துளைக்கலாம்! சாரதி கால் வைக்கும் இடமும் உருக்குத்தான், அதையும் பாருங்கள்.

எஞ்சின் 2,286 சீசீ. பெற்றோலும் உண்டு, டீசலும் உண்டு. பெற்றோல் வண்டி நல்ல றோட்டிலேயே லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினால் பெரிது. மலையில் இன்னும் குறையும். மரக்கறி விற்ற காசு டாங்கிக்குள் போய்விடும்.

அதன் பலவீனம் பின் அச்சின் உள்தண்டு. பாரம் ஏற்றி, ஏற்றத்தில் கிளச்சைச் சடாரென்று விட்டால் தண்டு முறியும். 1970களின் நீள வண்டிகளுக்கு அதைவிடப் பலமான பின் அச்சுப் பூட்டினார்கள். முறிந்தாலும் சில்லு கழன்று ஓடாது. மஞ்சள் குமிழை அழுத்தி முன் சில்லுகளால் இழுத்து வீடு வரலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சில்லுகளில் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், நீளத் தண்டில் பிடிக்கிறது. உள்தண்டு முறிந்தால் அந்தப் பிரேக் பிடித்தும் பயனில்லை. சரிவில் நிறுத்தி ஒரு பின் சில்லை ஜாக்கியில் தூக்கினாலும் இதே கதைதான்: தூக்கிய சில்லு சுழல, வண்டி உருளும். ஆகவே டயர் மாற்றுமுன் சிவப்பு லீவரைப் பின்னுக்கு இழுத்து லோ கியரில் விடுங்கள். அப்போது முன் சில்லுகளும் சேர்ந்து பிடிக்கும். அதன் பிறகும் சில்லுக்குக் கல் வைக்காமல் எவரும் அடியில் படுக்க வேண்டாம். ஜீப்பிலும் ஹேண்ட் பிரேக் எங்கே பிடிக்கிறதென்று விற்பவரிடமே காட்டச் சொல்லுங்கள்.

ஜீப்பின் குணம்

மிட்சுபிசி ஜீப்பை எமது சாரதிமார் அதன் எஞ்சின் பெயரால், 'ஃபோர் டி ஆர் ஃபைவ்' என்றே அழைப்பார்கள். 2,659 சீசீ டீசல் எஞ்சின். இதே எஞ்சின் பழைய கேண்டர் லொறிகளிலும் ஓடியது. அதுதான் ஜீப்பின் பெரிய பலம். லொறி பார்த்த மெக்கானிக் எவரும் இதைத் திறந்து பார்க்கத் தயங்கமாட்டார். டீசலுக்கு ஆகும் செலவும் பெற்றோல் லேண்ட் ரோவரைவிடத் தெளிவாகக் குறைவு. ஓடையைக் கடக்கும்போதும் டீசலே நல்லது. பெற்றோல் எஞ்சினின் மின்பொறிப் பாகங்கள் நனைந்தால் நடு ஓடையில் நின்றுவிடும்.

குறை என்னவெனில், உடல் முழுவதும் உருக்கு. ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை நனையும் எமது ஊரில் தரைத்தகடும் கதவடியும் துருவேறும். ஆனால் அந்தத் துரு கண்ணுக்குத் தெரியும்; தகடு வெட்டி ஒட்டலாம். மறைந்திருக்கும் துருவைவிடத் தெரியும் துரு மேல் என்பது என் எண்ணம். ஜீப்பின் செசியையும் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கலப்பு இனமும் வரும்: லேண்ட் ரோவருக்குள் ஜப்பான் டீசல் எஞ்சின். நன்றாகச் செய்திருந்தால் நல்ல வண்டி. எஞ்சினைத் தாங்கும் சட்டங்களை ஒட்டிய ஒட்டு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் வண்டியிலுள்ளதோடு பொருந்தாவிட்டால், திருத்திக் கொடுக்கும்வரை காசு கொடுக்க வேண்டாம்.

பார்க்கப் போகும் நாள்

நானும் ஒருமுறை ஏமாந்தவன். செசிக்குப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்ததைக் கண்டு, நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் ஸ்பிரிங் பிடி செசியோடு பிய்ந்து வந்தது. அன்றுமுதல் ஒரு சிறு சுத்தியலோடுதான் போகிறேன். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். அரித்தது சொத்தென்று சத்தமிடும். புதுத் தார் பூசிய இடத்தில் இரண்டு தட்டுக் கூடத் தட்டுங்கள்.

போனவுடன் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஓடவிட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் எமக்குத் தெரிய வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். புகை தொடர்ந்து குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

எல்லோரும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். ஏறாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். பத்து மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ என்றால் 500 கிலோ. அதன்மேல் ஆறு பேர் ஏறினால் 850 கிலோவைத் தாண்டும். இரண்டு வண்டியிலும் பழைய பிரேக் பெரும்பாலும் டிரம் வகை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு விடும். லோ கியரில், இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடிக்க விட்டு இறங்க வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடும் சாரதியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

ஆகவே சோதனை ஓட்டம் இறக்கத்தில் நடக்கட்டும். பாரம் ஏற்றி, இரண்டாம் கியரில் இறங்கும்போது லீவர் தானாகத் துள்ளி வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கியர்ப்பெட்டி தேய்ந்தது. எந்த விலைக்கும் வேண்டாம். ஓடையைக் கடந்தபின் பிரேக்கை மெதுவாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி டிரம்மைக் காயவையுங்கள். மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றாதீர்கள். தேயிலைப் பாதையின் வெளி ஓரத்தில் வண்டி கவிழ அதுவே போதும்.

என் முடிவைக் கேட்டால், வாரத்தில் மூன்று நாள் சந்தைக்குப் போகும் கூட்டுக் குடும்பங்களுக்குச் செசி நல்ல ஜீப்பே ஏற்றது. பண்டாரவளையில் காலையில் பழுதானால் மாலைக்குள் திருத்தி எடுக்கலாம் என்ற நம்பிக்கைதான் காரணம். நீள லேண்ட் ரோவரில் இடம் தாராளம். நோயாளியைப் படுக்கவைத்து இறக்கலாம். தினமும் அடியில் பார்க்கும் பொறுமையுள்ள ஒருவர் உங்களுக்குள் இருந்து, எஞ்சினும் டீசலாக இருந்தால் அதையும் எடுக்கலாம். பெற்றோல் வண்டி வேண்டாம்.

எந்த வண்டியானாலும் ஈர மலையை வெல்லாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில் அது கீழேயே நிற்கட்டும். கோவா அழுகினாலும் பரவாயில்லை.

குழுவில் பேசுவதற்கு

வாகனம் யாருடைய பெயரில் பதியப்படும்? அவர் இறந்தாலோ ஊர் மாறினாலோ மற்றவர்களின் பங்கு என்னவாகும் என்பதை எழுதி வைத்திருக்கிறீர்களா? சாவி இரவில் யாரிடம் இருக்கும்? ஒருவருடைய மூட்டை ஐந்தும் இன்னொருவருடையது ஒன்றுமானால் டீசல் காசை எப்படிப் பிரிப்பது? முதல் மாதமே டயருக்கென்று எவ்வளவு ஒதுக்குவீர்கள்? இவற்றுக்கு விடை கண்டபின் சுத்தியலை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.