மாரி மழையும் பட்டறை முற்றமும்

குருநகர்க் கரையிலே வள்ள இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்றின் முற்றத்தை மனத்திற் கொள்வோம். கோடை முழுவதும் அங்கே சிந்திய கழிவெண்ணெயும் மண்ணெண்ணெயும், சுரண்டியெடுத்த வர்ணத்தூளும், துருப்பொடியும் மணலோடு மணலாய்க் கிடக்கின்றன. அவற்றால் யாதொரு தீங்கும் விளைவதாகத் தோன்றாது. ஐப்பசியில் மாரி இறங்கியதும் பல மாதத்து அழுக்கு அரைமணி நேரத்தில் வாய்க்கால் வழியே கடனீரேரியிற் சேர்கின்றது. ஆழமற்ற அந்நீரிலேதான் இறாலும் நண்டும் வளர்கின்றன. அவற்றைக் கொண்டே அயலவரின் அடுப்பு எரிகின்றது.

வடக்கே சுன்னாகத்தில் நேர்ந்ததை நம்மவர் அறிவர். அங்கு நீர் கடலுக்கு ஓடவில்லை, நிலத்துள் இறங்கிற்று. குடாநாடு சுண்ணக்கல்லாலானது. அக்கல்லின் வெடிப்புகளும் பிலங்களும் மழைநீரை வடிகட்டாமலே கீழே விடுகின்றன. உப்புநீரின்மேல் மிதக்கும் அந்த நன்னீர்ப் படலமே நமது கிணறுகளின் முதல். மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டு, 2015இல் அங்கு தனியார் மின்னுற்பத்தி நின்றது. 2019இல் உயர் நீதிமன்றம், பாதிப்புற்ற மக்களுக்கு அந்நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்துமாறு தீர்ப்பளித்தது. கிணற்றிலே வாளியை விட்டுப் பின் கைவிட்டவர்க்கு அத்தொகை எம்மட்டும் ஈடாகும் என்பதை நாம் கூற வேண்டுவதில்லை.

இனிப் பாடத்திற்கு வருவோம். 1 சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைப்பது 1 லீற்றர் நீர். 25 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமுள்ள முற்றத்தில் முதற் 10 மில்லிமீற்றர் மழை 5,000 லீற்றரைத் தரும். அழுக்கின் பெரும்பகுதி இம்முதல் நீரிலேயே வருவதால், பிடித்து வைக்கவேண்டியதும் இதனையே. கூரைநீரோ பெரும்பாலும் தூயது. அதனைப் பீலிகட்டி வேறாகக் கொண்டுசென்று தொட்டியில் விடுதல் வேண்டும். 300 சதுர மீற்றர் கூரையின் நீரை முற்றத்தில் விழவிடுவோமாயின் அதே மழையில் இன்னும் 3,000 லீற்றரை நாமே அழுக்காக்கியவராவோம். செலவிற் குறைந்ததும் பயனிற் சிறந்ததுமான முதல் வேலை இந்தப் பீலியே என்பது எமது துணிபு. எண்ணெய்ப் பீப்பாய்களுக்குக் கூரையிட்டு, சிந்துவதைத் தாங்கும் சுற்றுக்கட்டு அமைப்பது அடுத்தது.

பிடித்த நீரை மூன்றறைத் தொட்டியிற் செலுத்துவர். முதலறையில் மணல் படியும். இரண்டாமறையில் எண்ணெய் மேலே மிதக்கும். அதன் தடுப்புச்சுவர் அடியில் மாத்திரம் வழி விட்டிருப்பதால் கீழ்நீரே மூன்றாமறைக்குச் செல்லும். எண்ணெய் மிதக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். எவ்வளவு நேரத்தில் மிதக்கும் என்பதே கேள்வி. துளியின் விட்டம் பாதியானால் அது மேலெழும் வேகம் காற்பங்காகும். ஆதலின் நீர் மெல்லச் செல்லவேண்டும். விசையான பம்பியால் நீரை இறைத்துத் தொட்டிக்குள் விடுவது துளிகளை நொறுக்கிவிடும்.

இன்னுமொன்று. தரையைச் சவர்க்காரத் தூளிட்டுக் கழுவி அந்நீரைத் தொட்டிக்குள் விடுபவரைக் காண்கின்றோம். தரை பளபளக்கும், எண்ணெயோ பாலிற் கொழுப்பைப்போல நீரிற் கலந்து மூன்றறைகளையும் தாண்டிப் போய்விடும். முதலில் மரத்தூளையோ மணலையோ தூவி உறிஞ்சச்செய்து கூட்டியள்ளுதலே தக்க முறை.

தொட்டியில் மிதக்கும் எண்ணெயையும் அடிச்சேற்றையும் புரட்டாதிக்குள் வாரியெடுத்தல் வேண்டும். நிரம்பிய தொட்டி முதல் மழையிலேயே தன் சரக்கையெல்லாம் வெளியே தள்ளும். வாரியதைக் கொல்லையிற் குழிதோண்டிப் புதைப்போமாயின் அது சுன்னாகத்துக் கதையாகவே முடியும். மூடிய பீப்பாயிலிட்டு, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.