இலாபமும் மிஞ்சும் ரொக்கமும்

கறவை மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி மாட்டின் கொம்பையும் சுழியையும் பார்ப்பார். ஆனால் அவர் மனத்திற்குள் நடக்கும் கணக்கு வேறு. இன்னும் எத்தனை ஈற்றுக் கறக்கும், தீவனத்திற்கும் வைத்தியத்திற்கும் போக ஆண்டுக்கு என்ன நிற்கும் என்பதே அக்கணக்கு. ஆலை, நிறுவனம், கடைக் கட்டடம் ஆகியவற்றின் மதிப்பையும் இதே வழியில் காணவேண்டும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜான் பர் வில்லியம்ஸ் 1938-இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாக விளக்கினார். பசுவுக்கு மதிப்பு அதன் பாலினால் என்பது அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று.

இவ்விஷயம் இன்று நம் கிராமங்களுக்கு மிகவும் வேண்டியதாயிருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தினால் விவசாயிகள் ஒன்றுகூடி உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்க வழி ஏற்பட்டது. ஆயிரம் ரூபாய், இரண்டாயிரம் ரூபாய் எனப் பங்குத் தொகை கட்டிய உழவர்கள் இப்போது நிறுவன உரிமையாளர்கள். ஆனால் தாம் போட்ட பணத்தின் மதிப்பு என்ன என்று கேட்டால் அவர்களுள் பெரும்பாலோர் விடை சொல்ல இயலாது. அவர்களுக்கு ஆலோசனை கூறும் என் போன்றோரும் இதில் தவறியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றியபோது, நிலக்கடலை உடைத்து எண்ணெய் ஆட்டும் திட்டம் ஒன்றைப் பற்றி என் கருத்தைக் கேட்டார்கள். ஆண்டுதோறும் இலாபம் வருமெனக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. நானும் நல்ல திட்டமென்று எழுதிக் கையொப்பமிட்டேன். இரண்டாம் ஆண்டுத் தணிக்கை அறிக்கையிலும் இலாபம் இருக்கவே செய்தது. ஆனால் ஆடிப்பட்டத்துக் கடலை கார்த்திகையில் வந்து இறங்கியபோது, உறுப்பினர்களுக்குக் கொடுக்க நிறுவனத்தில் பணம் இல்லை. விற்ற எண்ணெய்க்குக் கடைக்காரர்கள் தவணை சொல்லியிருந்தார்கள். வாங்கிய கடலையில் ஒரு பகுதி கிடங்கில் மூட்டையாகக் கிடந்தது. பங்குதாரர்களே தங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு கமிஷன் மண்டிக்குப் போனார்கள். இலாபம் எங்கே என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். பேரேட்டில் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இலாபம் வேறு, ரொக்கம் வேறு. கடனுக்கு விற்ற சரக்கும் விற்பனையாகவே கணக்கில் ஏறும், பணம் வந்திருக்காது. மறுபுறம், இயந்திரத் தேய்மானம் செலவாக எழுதப்படும். அந்த ஆண்டில் பணம் ஏதும் வெளியே போயிராது. ஆகவே இலாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, சரக்கிலும் பாக்கியிலும் புதிதாக முடங்கிய தொகையைக் கழித்து, இயந்திரம் வாங்கவும் புதுப்பிக்கவும் ஆன செலவையும் கழித்தால் நிற்பதே மிஞ்சும் ரொக்கம். நிதி நூலார் இதனைத் தடையிலா ரொக்கப் பாய்வு என்பர். தொழிலுக்கு ஊறு நேராமல் வெளியே எடுக்கக்கூடிய பணம் இது ஒன்றே.

இனி, ஆறாண்டு கழித்து வரும் நூறு ரூபாயும் இன்று கையிலுள்ள நூறு ரூபாயும் சமமல்ல. வங்கி கேட்கும் வட்டி, பங்குதாரர் பணத்திற்கு வேறிடத்தில் கிடைக்கும் வருவாய், தொழிலில் உள்ள ஆபத்து ஆகியவற்றைக் கருதி, நூற்றுக்கு 12 வீதம் என வைத்துக்கொள்வோம். அப்போது ஓராண்டு கழித்து வரும் நூறு ரூபாயின் இன்றைய மதிப்பு 89 ரூபாய் 29 காசு. ஆறாண்டு கழித்து வருவதற்கு 50 ரூபாய் 66 காசுதான். வட்டிக்குக் கொடுத்து வாங்கியவருக்கு இது புதிய செய்தியன்று. கூட்டுவட்டிக் கணக்கையே பின்னோக்கிப் போடுகிறோம்.

விளக்கத்திற்காக ஒரு செக்குத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இயந்திரமும் கொட்டகையும் 12 இலட்சம், ஆறாண்டு உழைக்கும். கடலை வாங்கி இருப்பு வைக்க 5 இலட்சம். ஆக முதலீடு 17 இலட்சம். கடன் வட்டிக்கு முன், தேய்மானம் 2 இலட்சம் போக, ஆண்டு இலாபம் 2 இலட்சம். எனவே ஆண்டுக்கு ரொக்கம் 4 இலட்சம். ஆறாம் ஆண்டு முடிவில் இருப்பை விற்று 5 இலட்சம் திரும்பும். இவற்றின் இன்றைய மதிப்பு 18.98 இலட்சம். முதலீட்டினும் 1.98 இலட்சம் மிகுதி, திட்டம் ஏற்கத்தக்கது. வட்டியைத் தனியே கழிக்கவில்லை. 12 வீதத்தில் அது அடங்கிவிட்டது. வருமான வரியை இங்கே விட்டுவிட்டேன். அதனைத் தணிக்கையாளரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இப்போது, வியாபாரிகள் தவணை கேட்பதால் முடங்கும் பணம் 5 இலட்சமன்று, 8 இலட்சம் என்று வைப்போம். அந்த 8 இலட்சமும் கடைசியில் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. இருந்தும் மிகுதி 50 ஆயிரமாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் இயந்திரத்தைப் பெரிய அளவில் பழுது பார்க்க 1.5 இலட்சம் ஆகுமென்றால் மிகுதி போய், 57 ஆயிரம் குறை நிற்கிறது. பேரேட்டிலோ ஆறாண்டு இலாபம் 10.5 இலட்சம்! மழை பொய்த்து இரண்டாம் ஆண்டு ரொக்கம் 4 இலட்சத்திற்குப் பதில் 2 இலட்சமானால் குறை 2.16 இலட்சமாகும். இந்தக் கடைசிக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் எந்தத் திட்டத்தையும் நிர்வாகக் குழு ஏற்கலாகாது என்பது என் கருத்து.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. மழை குறையாத ஆண்டுகளில், பழுதுச் செலவு இருந்தாலும், பாக்கியை ஒழுங்காக வசூலித்து முடங்கும் பணத்தை 5 இலட்சத்திற்குள் அடக்கினால் 91 ஆயிரம் மிகுதி வந்துவிடும். செக்கு அதே செக்குதான்.

பங்கின் மதிப்பையும் இவ்வாறே காணலாம். 8 இலட்சம் முடங்கும் நிலையில், முதலீடு 20 இலட்சத்தில் 10 இலட்சம் வங்கிக் கடன், 10 இலட்சம் ஆயிரம் உழவர்கள் கட்டிய பங்கு என்போம். பழுதுச் செலவைக் கழித்தபின் தொழிலின் மதிப்பு 19.43 இலட்சம். கடனைக் கழித்தால் 9.43 இலட்சம். ஆகவே ஆயிரம் ரூபாய்ப் பங்கின் உண்மை மதிப்பு 943 ரூபாய். உற்பத்தியாளர் நிறுவனப் பங்குகள் பங்குச் சந்தையில் விற்கப்படுவதில்லை. நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு மற்றோர் உறுப்பினருக்கு முகமதிப்பிலேயே மாற்றச் சட்டம் இடம் தருகிறது. எனவே மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் விலை ஆயிரமாகவே நிற்கும். இறக்கத்தை அறிவிக்கும் மணி எதுவும் அடிக்காது. இக்கணக்கு ஒன்றுதான் அறிவிக்கும்.

மானியத்தைப் பற்றி ஒரு சொல். 2020-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்திற்கு 15 இலட்சம் வரை ஈட்டுப் பங்கு மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய உதவி உழவர் சுமையைக் குறைக்கும். ஆனால் மானியத்தை வரவில் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது என்னும் தொழில், மானியம் தீர்ந்தபின் நிற்பது அரிது. முதலில் மானியமின்றிக் கணக்குப் போடுக. பிறகு சேர்த்துப் பார்க்க.

ஊராட்சி உறுப்பினர்களும் கடைகள் கட்டத் தீர்மானம் போடுமுன் இதனைச் செய்யலாம். குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் முதலியவற்றை இந்தத் தராசில் நிறுக்கலாகாது. அவை வருவாய்க்காக எழுந்தவை அல்ல. கடைகள் அப்படியல்ல. கேட்பு, வசூல், நிலுவை என்னும் மூன்று கலங்கள் நம் பதிவேட்டிலேயே உள்ளன. கேட்பு என்பது இலாபத்தைப் போன்றது; வசூல்தான் ரொக்கம். கடைக்காரர் கட்டிய முன்பணம் திருப்பித் தரவேண்டியது. அதை வருவாயாக எண்ணலாகாது. ஊரில் ஏற்கெனவே உள்ள கடைகளின் மூன்றாண்டு வசூலைப் பார்த்து, கூரைப் பழுது, வெள்ளையடிப்பு, மின் கட்டணம் ஆகியவற்றைக் கழித்து, கடை காலியாகக் கிடக்கும் மாதங்களையும் விட்டுவிட்டு, நிற்கும் தொகையைக் கொண்டு புதிய கட்டடத்தின் கணக்கைத் தொடங்கலாம்.