கையுறை எப்போது வேண்டும்?

அன்புச் சகோதரிக்கு,

இங்கிலாந்தில் செவிலியர் பணி கிடைத்த செய்தி மகிழ்ச்சி தந்தது. கூடவே ஒரு கவலையும் எழுதியிருந்தீர்கள்: "அங்கே சுற்றுச்சூழல் என்று சொல்லி கிளவுஸைக்கூடக் குறைக்கச் சொல்கிறார்களாம். நோயாளியின் பாதுகாப்பு என்னாவது?"

இந்தக் கேள்விக்கு லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலையிலேயே பதில் காட்டினார்கள். நரம்பில் ஏற்றும் மருந்தைத் தயாரிக்கும்போதெல்லாம் கையுறை போடுவது அங்கே பழக்கமாக இருந்தது. எல்லா மருந்துக்கும் அது தேவையா என்று அவர்கள் கேட்டார்கள். புற்றுநோய் மருந்துக்குக் கட்டாயம் தேவை. பல மருந்துகளுக்குத் தேவையே இல்லை. 2018-இல் தொடங்கிய அந்த முயற்சியால் ஓராண்டில் சுமார் 37 லட்சம் கையுறைகள் குறைந்தன. எடையில் அது 21 டன்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது எடை அல்ல. கையுறை போட்டவருக்குத் தன் கை சுத்தம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதே கையுறையோடு டிரிப்பைத் தொட்டு, கட்டில் கம்பியைத் தொட்டு, அடுத்த நோயாளியிடம் போகிறோம். கிருமியும் கூடவே போகிறது. கை கழுவுவது விட்டுப்போகிறது. ரத்தம், உடல் திரவம், திறந்த புண் என்றால் கையுறை போட்டே ஆகவேண்டும். பி.பி. பார்க்கவும், சாப்பாடு ஊட்டவும், வழக்கமான தடுப்பூசி போடவும் நன்றாகக் கழுவிய கை போதும்.

நீங்கள் எழுதிய சுற்றுச்சூழல் காரணமும் உண்மைதான். கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்ஜியமாக்குவதாக இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். 2020 அக்டோபரில் அறிவித்தது. தன் நேரடி வெளியேற்றத்துக்கு 2040-ஐக் கெடுவாக வைத்தது. 2022-இல் அது சட்டத்திலும் ஏறியது. கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 2,500 மடங்கு வெப்பம் கூட்டும் டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை அங்கே அநேகமாகக் கைவிட்டுவிட்டார்கள். மருத்துவமனைக் கூரையில் சோலார் வைப்பதா, எந்த மயக்க வாயுவைப் பயன்படுத்துவது என்பவற்றை முடிவுசெய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கையுறைப் பெட்டி மட்டும் முழுக்க நம் பொறுப்பு. எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் யோசித்து முடிவெடுப்பது செவிலியரின் அறிவுக்குக் கிடைக்கும் மரியாதை என்றே நினைக்கிறேன்.

சிக்கனம் என்று சொல்லி, தேவையான இடத்திலும் கையுறை தர மறுக்கும் நிர்வாகம் எங்கே இருந்தாலும் எதிர்த்துப் பேசுங்கள். அப்படிப் பேச, விதி தெரிந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்ததுமே உங்கள் வார்டின் கையுறை விதிமுறையைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி