தோட்டம் போட்டால் போதுமா?

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. புத்தாண்டு பிறந்ததும் நாம் பல நல்ல தீர்மானங்கள் செய்கிறோம். சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, நாங்களும் ஒரு தீர்மானம் செய்தோம். பள்ளிக் கிணற்றுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டோம். ஜனவரியில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று சண்டையே வந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது காய்ந்த குச்சிகள்தான் நின்றன. வேலியில் ஓர் ஓட்டை விழுந்ததை மார்ச் மாதமே எல்லோரும் பார்த்தோம். இன்னொருத்தி அடைப்பாள் என்று ஒவ்வொருத்தியும் இருந்துவிட்டோம். ஆடுகள் காத்திருக்கவில்லை.

திருக்குறளில் 'உழவு' 104-ஆம் அதிகாரம். அதில் ஒரே குறளில் (1038) உழுதல், எருவிடுதல், களையெடுத்தல், நீர் பாய்ச்சுதல், காத்தல் ஆகிய ஐந்தையும் வள்ளுவர் அடக்கிவிடுகிறார். அவற்றையே இந்தப் புத்தாண்டின் பழக்கங்களாக எடுத்துக்கொள்வோம்.

1. உழுதல்

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே தருகிறது. ஆகவே தை மாதத்தில் மண்ணில் ஈரம் இருக்கும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். களிமண்ணாக ஒட்டினால் சில நாள் பொறுக்கவும். உதிர்ந்தால் ஒரு சாண் ஆழம் கொத்தவும். கொத்திய மண்ணை நன்றாகக் காயவிடுவது எருவையே மிச்சப்படுத்தும் என்கிறது முந்தைய குறள்.

2. எருவிடுதல்

போகியன்று சருகுகளைக் கொளுத்துகிறோம். எரிவது குப்பை மட்டுமன்று, எருவும்தான்! இவ்வாண்டு கொல்லையில் ஒரு குழி வெட்டுவோம். சருகு, காய்கறித் தோல், சாணம் என்று அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளறிவிட்டால் மூன்று நான்கு மாதங்களில் மக்கிவிடும். கறுத்து உதிர்ந்து, மழை மண்ணின் வாசம் வந்தால் எரு தயார்.

இங்கே விதையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர் விஜயராகவப் பெருமாள் கோயிலில், மரகதவல்லித் தாயார் அருளால் வறுத்த பயறும் முளைத்தால் பிள்ளை வரம் கிட்டும் என்ற நம்பிக்கை உண்டு. அது தெய்வ அருளைப் பற்றியது. நம் பாத்திக்கோ உயிருள்ள விதையே வேண்டும். பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்ப வேண்டாம். தைப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, கீரை போடலாம். கீரை விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். முளைக்கீரையை மூன்று நான்கு வாரங்களிலேயே பறிக்கலாம்.

3. களையெடுத்தல்

களை பூப்பதற்கு முன்பே பிடுங்க வேண்டும். பூத்து விதை சிந்திவிட்டால் ஒரு நாள் சோம்பலுக்குப் பல மாதம் குனிய வேண்டும். மழையோ பாசனமோ முடிந்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும்.

4. நீர் பாய்ச்சுதல்

காலையிலோ மாலையிலோ வேரடியில் ஊற்றுக. வைக்கோலையும் சருகையும் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். அரிசி களைந்த நீர் செடிக்கு நல்லது. ஆனால் பட்டு நெய்யும் நம் பகுதியில் ஓர் எச்சரிக்கை: சாயம் கலந்த நீரைக் காய்கறிச் செடிக்கு ஊற்றவே கூடாது.

5. காத்தல்

களையெடுத்த பின் நீரைவிடக் காவலே சிறந்தது என்கிறார் வள்ளுவர். இதன் பொருள் ஜூன் மாதம்தான் எனக்குப் புரிந்தது. அழிந்த தோட்டத்தின் மூலையில், சமையற்கட்டுப் பக்கம், ஒரே ஒரு கத்தரிச் செடி காய்த்துக் கிடந்தது. சுற்றிலும் முள் வைத்திருந்தது. எங்கள் சமையல் ஆயாவைக் கேட்டேன். "நான் ஒண்ணும் பண்ணலைம்மா. பாத்திரம் கழுவுற தண்ணியை ஊத்தினேன். போறப்ப வர்றப்ப ஒரு பார்வை பார்த்தேன்" என்றார்.

அந்தப் பார்வைதான் காவல். தினமும் பத்து நிமிடம் இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். பூச்சி கண்டால், ஐம்பது கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம்.

விவிலியத்தின் தொடக்க நூலில், ஏதேன் தோட்டத்தில் மனிதனுக்கு இரண்டு வேலைகள் தரப்படுகின்றன. ஒன்று நிலத்தைப் பண்படுத்துவது, மற்றது பாதுகாப்பது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலும் இவ்விரண்டையும் சேர்த்தே விளக்குகிறது. நாங்கள் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தோம்.

அன்புத் தங்கைகளே! இவ்வாண்டு மீண்டும் பாத்தி கட்டியிருக்கிறோம். வேலியை அடைத்துவிட்டோம். ஏப்ரலுக்குள் எங்கள் பொதுத்தேர்வு முடிந்துவிடும், நாங்கள் இருக்கமாட்டோம். எனவே கோடை விடுமுறையில் எந்த நாள் யார் முறை என்று, பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி ஒன்பதாம் வகுப்பிடம் தருகிறோம். ஜூன் மாதம் நாங்கள் வந்து பார்ப்போம். அப்போது ஒரு செடியல்ல, தோட்டமே காய்த்திருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி