பீட ஓவியங்களும் சமூகமும்

மாணவர்களே, பீட ஓவியம் பற்றிய வினாவுக்குப் பலர் ஓவியரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அது பாதி விடையே. அவ்வோவியம் யாருக்காக, ஏன் வரையப்பட்டது என்பதே மீதி விடை.

கிறிஸ்தவ தேவாலயத்தில் பூசை நடைபெறும் பீடத்தின் மேல் அல்லது பின்புறத்தில் வைக்கப்படுவது பீட ஓவியமாகும். மத்தியகால ஐரோப்பாவில் இவை பெரும்பாலும் மரப்பலகையில் வரையப்பட்டன. மக்களிற் பெரும்பாலோர் வாசிக்கத் தெரியாதவர்கள். ஆகவே படமே அவர்களுக்குப் புத்தகமாயிற்று.

1. நகரத்தின் ஓவியம்
இத்தாலியின் சியனா நகரம் மரியாளைத் தன் காவலாகக் கருதியது. டூச்சியோ 1308 முதல் 1311 வரை வரைந்த 'மயெஸ்தா' ஓவியத்தில் மரியாள் அரசியாக வீற்றிருக்கிறாள். பின்னணி பொன்னிறமானது. 1311 யூன் 9ஆந் திகதி கடைகள் மூடப்பட, மணிகள் ஒலிக்க, குருமாரும் அதிகாரிகளும் பொதுமக்களும் அதனை ஊர்வலமாகப் பேராலயத்துக்குக் கொண்டு சென்றனர். நல்லூர்த் தேரன்று வீதியில் திரளும் சனத்தை நினைத்துப் பாருங்கள். அந்நாளின் உணர்வு விளங்கும்.

2. நோயாளரின் ஓவியம்
குருநெவால்ட் 1512 - 1516 காலத்தில் வரைந்த ஈசன்ஹைம் பீட ஓவியம் மத்தியகாலத்தின் இறுதிப் பகுதிக்குரியது. அது ஒரு துறவிமடத்தின் வைத்தியசாலைக்குரியது. பூஞ்சணம் பிடித்த தானியத்தை உண்டு, உடல் எரிந்து அழுகும் நோயுற்றோர் அங்கு பராமரிக்கப்பட்டனர். அவ்வோவியத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலெங்கும் புண்கள். தம் வேதனையை இறைவனும் அறிவார் என நோயாளர் அதிற் கண்டனர்.

3. நம் நாட்டின் ஓவியம்
இம்மரபின் தொடர்ச்சியைக் கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்திற் காணலாம். அங்கு டேவிட் பெயின்ரர் (1900 - 1975) நான்கு சுவரோவியங்களை வரைந்தார். சிலுவைப்பாடு, சீடரின் பாதங்களைக் கழுவுதல், நல்ல சமாரியன் என்பன அவற்றுட் சில. இவை மரப்பலகையில் அன்றிச் சுவரில் வரையப்பட்டவை. மாந்தர் இலங்கையர் சாயலில், நம் நாட்டுச் சூழலில் நிற்கின்றனர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், ஐரோப்பிய முகங்களையே பார்த்துப் பழகிய மாணவர்கள் அங்கு தம்மைப் போன்றோரைக் கண்டனர்.

நினைவிற் கொள்க: நகரம் தன் காவலையும், நோயாளர் தம் புண்ணையும், நம்மவர் தம் முகத்தையும் பீடத்தருகே கண்டனர். விடையின் முடிவுரையில் இதனை உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள்.

பயிற்சி
1. பீட ஓவியம் என்றால் என்ன?
2. ஈசன்ஹைம் ஓவியத்தில் இயேசுவின் உடலிற் புண்கள் காட்டப்பட்டமைக்கான காரணத்தை விளக்குக.
3. டூச்சியோ, பெயின்ரர் ஆகியோரின் ஓவியங்களிடையே ஓர் ஒற்றுமையும் இரு வேற்றுமைகளும் தருக.